மேட்டில் ஏறும் மிதிவண்டி



சமதளச் சாலையில் சிட்டாய்ப் பறந்து வந்த இளைஞர் ஒருவர் ரயில்வே மேம்பாலத்தின் பாதியிலேயே மூச்சிரைக்க இறங்கி நிற்பதையும், கேரியரில் மூட்டையுடன் வரும் முதியவர் ஒருவர் நிதானமாக மிதித்து அவரைக் கடந்து செல்வதையும் நீங்கள் கண்டிருக்கக் கூடும். இளைஞரிடம் வலிமை இல்லாமல் இல்லை. அதைச் செலவிடும் முறையில்தான் வேறுபாடு. வரவறிந்து செலவு செய்யும் குடும்பத் தலைவி மாதக் கடைசியில் கலங்குவதில்லை. மேடேறும் கலையும் அத்தகையதே.

மேடு கேட்கும் விலை

சமதளத்தில் விரைந்து செல்லும்போது நம்மைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. மேட்டிலோ வேகம் குறைந்துவிடுவதால் காற்றின் எதிர்ப்பு சொற்பமே. அங்கே நாம் சுமப்பது எடையை. 70 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ சைக்கிளில் அமர்ந்தால் 90 கிலோவை உயரே தூக்கியாக வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 90 கிலோவை 1,200 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 250 கலோரி ஆற்றல் வேண்டும். நம் தசைகளோ உண்ட உணவின் ஆற்றலில் கால் பங்கு அளவையே இயக்கமாக மாற்றுகின்றன. எனவே உடல் செலவிடுவது ஏறக்குறைய 1,000 கலோரி. இந்தக் கடனை எவராலும் தள்ளுபடி செய்ய இயலாது. ஆனால் சிறு சிறு தவணைகளாகச் செலுத்த இயலும். கியர் என்பது அந்தத் தவணை முறைதான்.

பல்சக்கரம் செய்யும் உதவி

முன்னே 44 பல், பின்னே 18 பல் கொண்ட சாதாரண சைக்கிளில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில், அந்த ஒரு சுற்றிலேயே 27 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறோம். அதற்குப் பெடலின் மீது சராசரியாக 23 கிலோ அழுத்தம் தேவை. கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பல் அமைத்துக் கொண்டால், அதே எடைக்கு 9 கிலோ அழுத்தம் போதும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடும். முழங்காலின் வேதனை குறையும்.

இவ்வளவு எளிய உண்மையும் எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ஓடும்போதே செயினை மாற்றும் கியர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்திலுள்ள பெரிய பல்சக்கரத்தைப் பயன்படுத்தினர்.

கியர் இல்லாத வண்டி வைத்திருப்போர் மனம் தளர வேண்டியதில்லை. பின்சக்கர ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 22 பல்லாக மாற்றினால் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினின் நீளத்தைக் கடைக்காரர் சரிசெய்து தருவார்.

ஏறும் முறை

புறப்படுமுன் டயரில் காற்றை நிரப்புங்கள். செயினுக்கு எண்ணெய் இடுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான சீட் உயரம். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியே பெடலில் இருக்கட்டும்.

மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். முழு பலத்தையும் கொடுத்து மிதிக்கும்போது மாற்றினால் செயின் நழுவும். அடிவாரத்தில் ஆவேசம் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. சிறு வாக்கியங்கள் பேசக்கூடிய அளவில் மூச்சு இருந்தால் வேகம் சரியானது. பேச இயலவில்லையெனில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

பெரும்பாலும் அமர்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்று மிதித்தால் உடல் எடை துணை செய்யும். ஆயினும் மூச்சு விரைவில் வாங்கும். செங்குத்தான சிறு பகுதிக்கு மட்டும் எழுந்து கொள்ளுங்கள். ஹேண்டில்பாரை இறுகப் பற்றாதீர்கள்; தோள்கள் தளர்ந்திருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவின் உட்புறம் செங்குத்தானது. வெளிப்புறம் சற்றுச் சாய்வானது. இடப்பக்கம் திரும்பும் வளைவில், நமக்குரிய பாதிச் சாலைக்குள்ளேயே உள்விளிம்பை விட்டுச் சற்று விலகிச் செல்லலாம். எளிமைக்காக எதிர்ப்பக்கம் போவதும், பாம்பு போல் வளைந்து வளைந்து ஏறுவதும் லாரிகளும் பேருந்துகளும் வரும் சாலையில் உயிருக்கே ஆபத்து.

இறங்கி நடப்பது இழுக்கன்று

நாற்பதைக் கடந்தோர், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே மலைச்சாலைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ தோன்றினால் அக்கணமே நிறுத்துங்கள்; ஓய்வெடுத்தும் நீங்காவிடில் மருத்துவ உதவி நாடத் தாமதிக்காதீர்கள். களைப்பு மட்டும்தான் எனில், இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் அவமானம் ஏதுமில்லை.

ஏறியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இறங்கும்போது வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். இடைவிடாது அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறும்.

பெற்றோரே! விடுமுறையில் நண்பர்களோடு மலைக்குச் சைக்கிளில் செல்ல உங்கள் பிள்ளை அனுமதி கேட்டால், உடனே மறுத்துவிடாதீர்கள். அருகிலுள்ள மேம்பாலத்தில் இம்முறைகளைச் சில வாரங்கள் பழகச் செய்யுங்கள். பிரேக்கை நீங்களே சோதித்து, தண்ணீர் புட்டியைக் கையில் கொடுத்து, "யாரையும் முந்தாதே, மெல்லப் போய் வா" என்று வழியனுப்பி வையுங்கள்.