காவல் அதிகாரமும் பாரிஸ்டர் தொழிலும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவலர் ஒருவர் ஒரு நபரைக் கைது செய்து சில மணி நேரம் நிலையத்தில் அடைத்துவைத்தார் என்று கொள்வோம். விடுதலையானபின் அந்த நபர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தால், தாம் அடைத்துவைக்கப்பட்டதை அவர் காட்டினால் போதும், அதற்குச் சட்டப்படியான காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு காவல்துறையையே சேர்கிறது. வழக்குத் தொடுத்தவரே எல்லாவற்றையும் நிறுவ வேண்டும் என்னும் பொது நடைமுறைக்கு மாறான இந்த விதி, அந்நாட்டுச் சட்டம் அரசதிகாரத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகக் காட்டுகிறது: ஒருவருடைய விடுதலையில் கைவைக்கும் அதிகாரி, அந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் தமக்குக் கொடுத்தது என்று சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வியை எழுப்புவதையும் அதற்கு விடை சொல்வதையும் தொழிலாகக் கொண்டவர்களே காவல் சட்டத்திலும் பொதுச் சட்டத்திலும் தேர்ந்த பாரிஸ்டர்கள். பொதுச் சட்டம் என்பது, தனி மனிதர்களுக்கு இடையிலான பூசல்களை அல்லாமல், அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை வரையறுக்கும் சட்டப் பிரிவாகும்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் எல்லா வழக்குரைஞர்களையும் ஒரே வகுப்பினராக்கிவிட்டதால், கட்சிக்காரரைச் சந்திப்பவரும் மனுத் தாக்கல் செய்பவரும் நீதிமன்றத்தில் வாதாடுபவரும் இங்கே ஒருவராகவே இருக்கலாம். இங்கிலாந்தில் இன்றும் இரண்டு வகுப்புகள் உள்ளன. கட்சிக்காரரோடு நேரடித் தொடர்பு வைத்து, ஆவணங்களைத் திரட்டி, வழக்கை நடத்திச் செல்பவர் சொலிசிட்டர். அவரால் அமர்த்தப்பட்டு, சட்டக் கருத்துரை எழுதித் தந்து, நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டராக விரும்புபவர் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்னும் நான்கு பழமையான கழகங்களுள் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். காந்தி 1891இல் இன்னர் டெம்பிளின் வழியாகவே பாரிஸ்டரானார். தேர்வுகளுக்குப் பின் 'பியூப்பிலேஜ்' எனப்படும் ஓராண்டுப் பயிற்சி வருகிறது. அதன் முதல் ஆறு மாதம் மூத்தவரின் பணியை அருகிலிருந்து கற்பதிலும், அடுத்த ஆறு மாதம் மேற்பார்வையின்கீழ்த் தாமே வாதாடுவதிலும் கழியும். பயிற்சியை முடித்தவர்களுள் பெரும்பாலோர் 'சேம்பர்ஸ்' எனப்படும் அலுவலகங்களில் இடம்பெற்று, வாடகையையும் எழுத்தர்களின் ஊதியத்தையும் பகிர்ந்துகொண்டு, ஆனால் வருமானத்தைப் பகிராமல், தனித்தனியே தொழில் செய்கின்றனர்.

பாரிஸ்டர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளுள் இத்துறைக்கு மிக முக்கியமானது, வாடகைக் கார் நிறுத்தத்தின் பெயரால் வழங்கும் ஒன்று. வரிசையில் முன்னால் நிற்கும் ஓட்டுநர் வரும் பயணியை மறுக்கக் கூடாது என்பதைப் போல, தம் துறைக்குள் வரும் வழக்கை, உரிய கட்டணமும் நேரமும் அமையுமானால், கட்சிக்காரரின் குணத்தையோ கொள்கையையோ காரணம் காட்டிப் பாரிஸ்டர் மறுக்க இயலாது. சிலருடைய பணி நடைமுறையில் காவல்துறையின் பக்கமோ புகார்தாரர்களின் பக்கமோ சாய்ந்துவிடுவது உண்டு என்றாலும், ஒரு மாதம் காவல்துறைக்காக வாதாடியவர் அடுத்த மாதம் அதற்கு எதிராக வாதாடுவது இத்தொழிலில் வியப்புக்குரியதன்று; எதிர்த்தரப்பின் சங்கடங்களை உள்ளிருந்து அறிந்தவர் என்பதே அவருடைய பலமாகவும் ஆகிறது.

இழப்பீட்டு வழக்குகள்

காவலர் ஒருவர் தவறிழைத்தால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பதே ஒரு காலத்தில் சிக்கலாக இருந்தது. காவலர் நகராட்சியின் ஊழியர் அல்லர், சட்டம் நேரடியாக அளித்த அதிகாரத்தைச் செலுத்துபவர் என்று 1930இல் ஓல்டம் நகராட்சி வழக்கில் தீர்ப்பானதால், அவருடைய செயலுக்கு நகராட்சி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாயிற்று. இந்தக் குறையை 1964ஆம் ஆண்டின் காவல் சட்டம் நீக்கியது. இன்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, கடமையின்போது காவலர்கள் செய்யும் தவறுகளுக்கு அந்தப் படையின் தலைவரான சீஃப் கான்ஸ்டபிளைப் பொறுப்பாக்குகிறது. பெயர் நம் ஊர்த் தலைமைக் காவலரை நினைவூட்டினாலும், இவர் ஒரு படை முழுவதற்கும் தலைவர். அத்தகைய வட்டாரப் படைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 உள்ளன.

கைது தொடர்பான வழக்குகளில் வாதம் பெரும்பாலும் 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யும் காவலருக்கு, சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருப்பதோடு, கைது தேவையானது என்று நம்புவதற்கும் நியாயமான காரணம் இருக்க வேண்டும். அழைப்பு விடுத்தால் தாமாக வரக்கூடிய ஒருவரை விடியற்காலையில் வீடு புகுந்து பிடித்த வழக்கில், முதல் நிபந்தனை நிறைவேறியும் இரண்டாவது தவறிப்போகலாம். குற்றச்சாட்டு இல்லாமல் அடைத்துவைக்கும் காலம் பொதுவாக 24 மணி நேரம். கடுமையான குற்றங்களில் மேலதிகாரியின் ஒப்புதலோடு 36 மணி நேரமாகவும், குற்றவியல் நடுவரின் ஆணையோடு அதிகபட்சம் 96 மணி நேரமாகவும் நீளலாம். இடையிடையே அந்தத் தடுப்பு இன்னும் தேவைதானா என்று மறுபரிசீலனை செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதால், பாரிஸ்டர் முதலில் கேட்டு வாங்கும் ஆவணம் அந்தப் பதிவேடாகவே இருக்கும்.

இங்கிலாந்தின் உரிமையியல் வழக்குகளில் ஜூரி ஏறத்தாழ மறைந்துவிட்ட போதிலும், முறையற்ற தடுத்துவைப்பு, தீய நோக்கோடு குற்றவழக்குத் தொடுத்தல் ஆகிய இரண்டிலும் அதைக் கேட்கும் உரிமை நீடிக்கிறது. எது நடந்தது என்பதை ஜூரியும், நடந்ததை வைத்துப் பார்த்தால் சந்தேகம் நியாயமானதா என்பதை நீதிபதியும் முடிவு செய்வதால், ஜூரியிடம் எந்தக் கேள்விகளை எந்தச் சொற்களில் எழுதிக் கொடுப்பது என்பதைப் பற்றி, ஜூரியினர் இல்லாத நேரத்தில் இரு தரப்புப் பாரிஸ்டர்களும் நீண்ட நேரம் வாதிடுவது உண்டு.

காவல்துறை செய்ததற்கு அல்லாமல், செய்யத் தவறியதற்கு இழப்பீடு கேட்பது இன்னும் கடினம். யார்க்‌ஷயரில் தொடர்கொலைகள் செய்த ஒருவனை முன்பே பிடித்திருந்தால் தம் மகள் பிழைத்திருப்பாள் என்று ஒரு தாய் தொடுத்த வழக்கை, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை 1988இல் நிராகரித்தது. புலன்விசாரணையில் காவல்துறை காட்டும் அலட்சியம், பின்னர் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்குரிமையைத் தராது என்பது அதன் முடிவு. ஆனால் 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. லண்டனில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளான இரு பெண்கள், தங்கள் புகார்கள் உரியபடி விசாரிக்கப்படவில்லை என்று அச்சட்டத்தின்கீழ்த் தொடுத்த வழக்கில், கடுமையான புலன்விசாரணைக் குறைபாடுகளுக்குக் காவல்துறை பதில் சொல்ல வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே வகைத் தவறு ஒரு சட்டத்தின்கீழ்த் தோற்று இன்னொன்றின்கீழ் வெல்லக்கூடும் என்பதால், எந்த வழியில் செல்வது என்று தேர்ந்து சொல்வதிலேயே இத்துறைப் பாரிஸ்டரின் திறமை பெரிதும் வெளிப்படுகிறது.

ஒழுங்கு விசாரணையும் மரண விசாரணையும்

காவலர்மீது கடுமையான ஒழுங்கீனக் குற்றச்சாட்டு எழும்போது, பணிநீக்கம் வரை செல்லக்கூடிய விசாரணை பொதுவாக மக்கள் முன்னிலையிலேயே நடைபெறுகிறது. அங்கும் இரு பக்கமும் பாரிஸ்டர்கள் வாதாடுகின்றனர். இந்த விசாரணைகளிலிருந்து எழும் சட்டக் கேள்விகள் சிறியவையல்ல. தன்னைக் காக்கச் சுட்டதாகச் சொல்லும் காவலர், ஆபத்து இருப்பதாகத் தவறாக நம்பியிருந்தால், குற்றவியல் சட்டத்தில் அந்த நம்பிக்கை உண்மையானதாக இருந்தாலே போதும். உரிமையியல் சட்டத்திலோ அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும். ஒழுங்கு விசாரணைக்கு இரண்டில் எந்த அளவுகோல் பொருந்தும் என்ற கேள்விக்கு, உரிமையியல் அளவுகோலே என்று 2023இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது.

காவலில் அல்லது காவல்துறையின் நடவடிக்கையால் நேரும் இறப்புகளைக் கொரோனர் எனப்படும் சிறப்பு நீதி அலுவலர் விசாரிக்கிறார். யாரையும் தண்டிப்பது அவருடைய வேலையன்று. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்று கண்டறிவதே வேலை. அரசுக்குப் பொறுப்பு இருக்கக்கூடிய இறப்புகளில், எந்தச் சூழ்நிலைகளில் என்பதையும் ஆராய வேண்டும் என்று 2004இல் பிரபுக்கள் அவை விளக்கியதிலிருந்து, இந்த விசாரணைகள் விரிந்து நீண்டிருக்கின்றன. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989இல் நேர்ந்த கால்பந்து நெரிசல் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. விபத்து மரணம் என்று 1991இல் எட்டப்பட்ட முடிவு 2012இல் ரத்தாகி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த புதிய விசாரணையில், 2016இல் ஜூரியினர் சட்டவிரோதக் கொலை என்று முடிவு சொன்னார்கள்.

நீதிமுறை மறுஆய்வு

ஒரு கொள்கையோ முடிவோ சட்டப்படி செல்லுமா என்று உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவைக் கேட்பது நீதிமுறை மறுஆய்வு. தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த ரிட் மனுவோடு இதை ஒப்பிடலாம். தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் மனுச் செய்து, முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதிகார எல்லை மீறப்பட்டதா, அறிவுக்குப் பொருந்தாததா, நடைமுறை தவறியதா என்று, 1984இல் நீதிபதி டிப்லாக் பிரபு வகுத்த மூன்று தலைப்புகளின் வழியே அது ஆராய்கிறது. மனித உரிமைக் கேள்விகள் பின்னர் இவற்றோடு சேர்ந்தன.

தெற்கு வேல்ஸ் காவல்துறை பொது இடங்களில் முகங்களை அடையாளம் காணும் கேமராக்களைப் பயன்படுத்தியதை எதிர்த்துக் கார்டிஃப் நகரவாசி ஒருவர் தொடுத்த வழக்கு, இதன் வீச்சைக் காட்டுகிறது. கேமராவைப் பயன்படுத்தவே கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொல்லவில்லை. யாரைத் தேடும் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கேமராவை வைப்பது என்பவற்றைத் தனித்தனிக் காவலர்களின் விருப்பத்துக்கு விட்டதும், மென்பொருள் இனத்தாலோ பாலினத்தாலோ பாகுபாடு காட்டுகிறதா என்று உரியபடி சரிபார்க்காததும் சட்டத்துக்கு முரண் என்றது.

இத்தகைய தீர்ப்புக்குப் பின் நடப்பது செய்திகளில் அதிகம் வருவதில்லை. அதே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த விரும்பும் மற்றப் படைகளும் தங்கள் விதிகளைத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான கருத்துரையை எழுதித் தருவதும் இத்துறைப் பாரிஸ்டரின் பணிதான். எதிர்த்தரப்பில் நின்று ஒரு கொள்கையின் ஓட்டைகளைக் காட்டிப் பழகியவர், தம்மிடம் ஆலோசனை கேட்கும் படையின் வரைவில் அதே ஓட்டைகளை வழக்கு எழுவதற்கு முன்பே அடைத்துவிட முடியும். வரும் தரப்பை மறுக்கக் கூடாது என்ற விதி பாரிஸ்டரின் நடுநிலைக்காக மட்டும் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் காவல்துறையின் அன்றாட நடத்தைக்குள் சட்டம் நுழையும் வழிகளுள் ஒன்றாகவும் அது இயங்குகிறது.