உயிர் காக்கும் ஊழியருக்கு உயர்வுக்கு வழி எங்கே?

புது தில்லி: விபத்தில் சிக்கியவரை முதலில் தொட்டுச் சிகிச்சை தருபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்தான். அவருக்கான பயிற்சி குறித்துச் சட்டம் வந்துவிட்டது. பதவி உயர்வுக்கான பாதை இன்னும் தெளிவாகவில்லை. கேரளம் இதற்கு நல்ல உதாரணம்.

அங்கு 108 சேவை 2010-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 25 வாகனங்களுடன் தொடங்கியது. 2019-இல் 'கனிவு 108' என்ற பெயரில் 315 வாகனங்களுடன் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. வாகனத்துக்கு ஓர் ஓட்டுநர், செவிலியர் படிப்பு முடித்த ஓர் உதவியாளர் என்பது ஏற்பாடு. தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் 108 சேவையிலோ, அறிவியல் பட்டதாரிகளும் பயிற்சி தரப்பட்டுப் பணியமர்த்தப்படுகின்றனர்.

எனினும், கேரள அரசு மருத்துவமனையில் சேரும் செவிலியர் தலைமைச் செவிலியர், கண்காணிப்பாளர் என உயரலாம். அதே படிப்புடன் ஆம்புலன்ஸில் ஏறுபவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அரசுப் பணியின் அந்தப் படிகள் அவருக்கு இல்லை. உயர்வு கிடக்கட்டும், மாத ஊதியமே தாமதமானதால் 2024-இல் இவர்கள் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது.

2021 மார்ச் 16-இல் மாநிலங்களவையும், 24-இல் மக்களவையும் நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாக அட்டவணையில் சேர்த்தது. இணை சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, பட்டம் பெறும் சுகாதார நிபுணருக்கு 3,600 மணி நேரம் என அளவும் வகுத்தது. அமலாக்கம் இழுபட்டதால், 2024 அக்டோபர் 12-க்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

சிக்கல் இங்குதான். செவிலியர்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனி கவுன்சில் உண்டு. ஆக, கேரள ஆம்புலன்ஸ் செவிலியர், பதிவால் செவிலியர். பணியால் அவசர மருத்துவ உதவியாளர். ஓட்டுநர் உதவியாளராக உயர விரும்பினால், வேலையை விட்டுவிட்டு 2,000 மணி நேரம் படிக்க இயலுமா?

பிரிட்டனில் பாராமெடிக் என்பது பதிவு பெற்ற தொழில். உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்கள் 2018 முதல் மருந்து பரிந்துரைக்கவும் சட்டம் அனுமதிக்கிறது.

பணியில் இருந்தபடியே படிக்கும் வசதி, அனுபவத்துக்கு மதிப்பெண், நிறுவனம் மாறினாலும் தொடரும் பணிமூப்பு ஆகிய மூன்றையும் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே மாநில அரசுகள் சேர்க்கலாம். இல்லையேல், அனுபவம் பெற்றவர்கள் வேறு வேலை தேடிச் செல்வார்கள். நோயாளியின் அருகே எப்போதும் புதியவர்தான் அமர்ந்திருப்பார்.