மாற்றிய இடுப்பு மூட்டு மறுபடி மறுபடி நழுவுகிறதா?

கீழே விழவில்லை, எங்கும் அடிபடவில்லை. தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருப்பார், அல்லது குனிந்து செருப்பை மாட்டியிருப்பார். உள்ளே 'டக்'கென்று ஏதோ விலகும். அதன்பின் காலை ஊன்றவே முடியாது. பார்த்தால் ஒரு கால் குட்டையாகி, பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். இடுப்பு மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு ஏற்படும் 'டிஸ்லொக்கேஷன்', அதாவது மூட்டு நழுவுதல் இது.

பயப்பட வேண்டாம், பெரும்பாலானோருக்கு இது வருவதே இல்லை. முதன்முறை மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் சுமார் 100-ல் 1 முதல் 3 பேருக்குத்தான் வருகிறது. அதுவும் தசைகள் முழுதாக ஆறாத முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்துத் திருப்பி, கத்தி வைக்காமலே மூட்டை இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். பலருக்கு அத்தோடு சரி.

இரண்டாவது, மூன்றாவது முறையும் நழுவுகிறவர்களின் பாடுதான் திண்டாட்டம். 'கீழே உட்காராதேன்னு எத்தனை தடவை சொன்னோம்?' என்று வீட்டில் கேட்பார்கள். அவரும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து, கட்டிலைவிட்டு இறங்கவே அஞ்சுவார். கவனக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், திரும்பத் திரும்ப நழுவுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே வேறு கோளாறு இருக்கும். அதைத் தேடாமல் ஒவ்வொரு முறையும் இழுத்து வைத்து அனுப்பினால் பிரச்னை தீராது.

ஏன் நழுவுகிறது?

செயற்கை மூட்டில் ஒரு கிண்ணமும் அதற்குள் உருளும் பந்தும் உண்டு. தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் உச்சியில் அந்தப் பந்து இருக்கும். கிண்ணத்தின் கோணம் சரியில்லை என்றால், குனியும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். பெயின்ட் டப்பா மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதுபோல, பந்தை வெளியே தள்ளிவிடும்.

1978-ல் அமெரிக்க மருத்துவர் லெவினெக்கும் அவர் குழுவினரும் கிண்ணத்துக்குப் 'பாதுகாப்பான கோணம்' ஒன்றை வகுத்தார்கள். பக்கவாட்டுச் சாய்வு 40 டிகிரி, முன்புறத் திருப்பம் 15 டிகிரி. இரண்டிலும் 10 டிகிரி கூடலாம், குறையலாம். ஆனால், அந்த எல்லைக்குள் கச்சிதமாகப் பொருத்திய மூட்டுகளும் நழுவுவது பின்னாளில் தெரியவந்தது.

பலருக்கு வில்லன் முதுகில் இருக்கிறான். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாயும். கூடவே கிண்ணமும் சாய்ந்து, மடங்கும் தொடைக்கு இடம்விடும். முதுகுத்தண்டில் ஸ்க்ரூ போட்டவர்களுக்கும், முதுகு விறைத்துப்போனவர்களுக்கும் இந்தச் சாய்வு சரியாக நடக்காது. 'இடுப்புக்கு வந்த இடத்தில் முதுகு ஆபரேஷன் கதை எதற்கு?' என்று நினைக்காமல், அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நின்றபடியும் உட்கார்ந்தபடியும் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்-ரேக்கள் இதைக் காட்டிக்கொடுக்கும்.

இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசையின் பலவீனம், ஆண்டுகள் கழித்துக் கிண்ணத்தின் பிளாஸ்டிக் உறை தேய்வது, கிருமித்தொற்று, பார்க்கின்சன் நோய், பக்கவாதம் ஆகியவையும் காரணமாகலாம்.

என்ன சிகிச்சை?

கிண்ணம் கோணலாக இருந்தால் மாற்றிப் பொருத்துவார்கள். பந்தையும் பெரிதாக்கலாம். 1960-களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பயன்படுத்திய பந்தின் விட்டம் 22 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உராய்வு குறையட்டும் என்றுதான் அவ்வளவு சிறிதாக வைத்தார். இன்று 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் சகஜம். பந்து பெரிதானால், அது விளிம்பைத் தாண்ட அதிக தூரம் நகர வேண்டியிருக்கும்.

'டூயல் மொபிலிட்டி' எனும் இரட்டைச் சுழற்சி மூட்டு 1970-களில் பிரான்ஸில் மருத்துவர் கில் பூஸ்கே உருவாக்கியது. சிறிய பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் உருளும்; அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள் உருளும். அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு இன்று டாக்டர்கள் பெரிதும் நம்புவது இதைத்தான். அரிதாக, உள்பந்து பிளாஸ்டிக்கிலிருந்து கழன்றுகொள்வதும் உண்டு. அப்போது மறுபடி ஆபரேஷன்தான்.

பந்தை வளையம் போட்டுப் பூட்டிவிடும் மூட்டும் இருக்கிறது. 'அதையே முதலில் போட்டுவிடலாமே' என்று தோன்றும். ஆனால் அசைவு குறையும்; விசை முழுவதும் எலும்புக்குப் போய்க் கிண்ணமே ஆட்டம் காணலாம். அதனால், தசை பலமே இல்லாதவர்களுக்குக் கடைசி வழியாகத்தான் அதைக் கையில் எடுப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

மூட்டு நழுவினால் காலை இழுத்துப் பார்ப்பது, எண்ணெய் தேய்ப்பது, நடக்கவைப்பது எதுவும் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் காபிகூட வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும் என்பது, ஆபரேஷன் முன்பக்கமாகச் செய்யப்பட்டதா, பின்பக்கமாகவா என்பதைப் பொறுத்து மாறும். எனவே, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே பின்பற்றக் கூடாது.

டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர்களைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே பொருத்திய கிண்ணம், பந்து, தண்டு ஆகியவற்றின் தயாரிப்பும் அளவும் அவற்றில் இருக்கும். மறுபடி ஆபரேஷன் என்று வந்தால், பந்தை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.