சூளைக்குப் போன கடல்மதில்

இலங்கையின் தென்மேற்குக் கரையிலே ஊர்கள் நகரங்களாய் வளர்ந்த காலத்தில், சுவர் பூசவும் வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. அது பெருமளவில் அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடைப்பட்ட கரையோரச் சூளைகளிலிருந்து வந்தது. அச்சூளைகளில் வெந்தவை முருகைக்கற்கள்.

முருகைக்கல் என்பது யாது? நுண்ணிய கடலுயிர்கள் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மனையே அது. திண்மையான இனங்கள் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே. இவ்வாறு மெல்ல எழுந்த முருகைப்பார், வரும் அலையைத் தொலைவிலேயே உடைத்து அதன் வேகத்தைத் தணிக்கின்றது, மீனினங்களுக்கு உறைவிடமாகின்றது, தேய்ந்து மணலாகிக் கரையையும் நிரப்புகின்றது.

கட்டட வேலை பெருகப் பெருகச் சூளைகளின் பசியும் பெருகிற்று. அக்குரலைப் பகுதியில் நிலத்தடியிலிருந்த பழைய படிவுகள் தோண்டப்பட்டன. கடலில் உயிரோடிருந்த பாரும் உடைக்கப்பட்டது. தடையிழந்த அலை கரையை அரிக்கலாயிற்று. கடல் விலையின்றித் தந்த மதில் போனபின், பெரும் பொருட்செலவில் கருங்கல் அணை அடுக்க வேண்டியதாயிற்று.

1981 ஆம் ஆண்டில் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1988 ஆம் ஆண்டின் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. எனினும், அத்தொழிலையே நம்பிய ஏழைக் குடும்பங்கள் பல இருந்தமையால், அகழ்வு மறைவாகத் தொடர்ந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. பெரலியவில் நின்ற புகைவண்டியை அது புரட்டியது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு வெளியான ஆய்வொன்றின்படி, அங்கே அலை சுமார் 10 மீற்றர் உயர்ந்து, 1.5 கிலோமீற்றர் உட்புகுந்தது. ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தெற்கே, பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில், அதன் உயரம் 2 முதல் 3 மீற்றர். உட்புகுந்தது சுமார் 50 மீற்றர். கடலடியின் அமைப்பும் அலையின் போக்கை மாற்றவல்லது. ஆயினும் பார் உடைந்த இடத்தில் அலைக்கு வழி திறந்திருந்தது என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு.

சுண்ணாம்பு மூட்டையின் விலையில் கூலியும் விறகும் வண்டிச்சத்தமும் சேர்ந்திருந்தன. பார் எழுவதற்குச் சென்ற நூற்றாண்டுகள் அக்கணக்கில் சேரவில்லை. வீடு கட்டியோர் செலுத்தாத அந்த மிகுதியைக் கரையில் வாழ்ந்தோரே செலுத்த நேர்ந்தது.