டி.வி. பெட்டி 'வைபை' பிடிக்கவில்லையா? சுவரைப் பாருங்கள், கண்ட நம்பருக்கு போன் போடாதீர்கள்!

(நமது நிருபர்)

ஊட்டி:

டி.வி.யின் பின்னால் சொருகும் சின்னப் பெட்டி இப்போது மலை மேலேயும் வந்துவிட்டது. படம், பாட்டு, சீரியல், கிரிக்கெட் எல்லாம் இன்டர்நெட் வழியாக அதில் வருகிறது. ஆனால், ஆசையாக வாங்கி வந்து சொருகினால் பல வீடுகளில் முதல் நாளே தகராறு. "நெட்வொர்க் கிடைக்கவில்லை" என்று திரையில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது.

அந்த ஒரு வரியை நம்பித்தான் மோசடி ஆசாமிகள் தூண்டில் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

பெட்டி ஓடாத எரிச்சலில் செல்போனை எடுத்து "கஸ்டமர் கேர்" நம்பர் தேடுகிறவர்கள்தான் இவர்களுக்கு மீன். 'ஆக்டிவேஷன் சார்ஜ்' என்பார்கள். 'லைசென்ஸ் பீஸ்' என்பார்கள். பேசி முடிப்பதற்குள் பாங்கு கணக்கில் இருப்பது அபேஸ்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை. பைசா செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் படமும் வரும், பணமும் தங்கும்.

அன்று ஆன்டெனா, இன்று ரவுட்டர்

1975 ஆகஸ்ட் 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. அதன் பிறகு ஊர் ஊராக டி.வி. பரவியபோது கூரை மேல் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே இருந்து இன்னொருவர், "இப்ப வருது... ஐயோ, போச்சு!" என்று கத்துவார். பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

இன்றைக்கும் வேலை அதேதான். ஆன்டெனா கூரையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டை ரவுட்டர் என்ற கருவி ரேடியோ அலையாக்கி வீட்டுக்குள் பரப்புகிறது. அந்த அலையைப் பிடித்து டி.வி.க்குக் கொடுப்பது பெட்டி. இரண்டுக்கும் நடுவே என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கல் சுவர் விடாது

நீலகிரியில் நிற்பது சாதாரண சுவர் இல்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் உள்ள பழைய பங்களாக்களுக்குக் குளிர் தாங்குவதற்காகக் கனத்த கல் சுவர் எழுப்பினார்கள். குளிரைத் தடுக்கும் அந்தச் சுவர் வைபை அலையையும் உறிஞ்சிவிடும். இரண்டு சுவர் தாண்டினால் பாதி பலம்கூட மிஞ்சாது.

எஸ்டேட் லைன் வீடுகளில் தகரத்தின் தொல்லை. தகரமானால் அலை உள்ளே நுழையாது, பட்டுத் திரும்பிவிடும். நடுவே தகரத் தடுப்பு இருந்தால் பக்கத்து அறைக்குக்கூடப் போய்ச் சேராது. ஹட்டிகளில் வேறு கதை. அங்கே வீடுகள் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நாலு வீட்டு வைபையும் ஒரே இடத்தில் மோதினால் எல்லோருக்கும் வேகம் குறையும்.

'மூடுபனி இறங்கினால் வைபை போய்விடும்' என்று சிலர் சொல்வது தவறு. வீட்டுக்குள் ஓடும் வைபையைப் பனி ஒன்றும் செய்யாது. கனமழையில் படம் நின்றுபோவது டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் வியாதி. மழைக்காலத்தில் இன்டர்நெட்டுக்கு எமன் மரம்தான். கிளை முறிந்து கேபிள் மேல் விழுந்தால் தெரு முழுக்க இணைப்பு போய்விடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது. அப்படிப்பட்ட நாளில் பெட்டியைக் கழற்றிப் பூட்டிப் பயனில்லை.

முதல் சோதனை: செல்போன்

பெட்டி பிடிக்கவில்லை என்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. செல்போனில் சிம் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைபையில் சேர்த்து, டி.வி. பக்கத்தில் போய் நில்லுங்கள். செல்போனில் படம் ஓடுகிறதா?

அங்கே ஓடாமல், ரவுட்டர் பக்கத்தில் வந்தால் ஓடுகிறது என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். ரவுட்டர் பக்கத்திலும் ஓடவில்லை என்றால் இணைப்பே வரவில்லை என்று அர்த்தம். பைபர் இணைப்பு உள்ளவர்கள் அந்தக் கருவியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வெளியே கேபிளில் பழுது. இணைப்பு கொடுத்தவரிடம் புகார் சொல்ல வேண்டியதுதான்.

செல்போனில் ஓடி, பெட்டியில் மட்டும் ஓடவில்லை என்றால் மேற்கொண்டு பாருங்கள்.

இரண்டு பெயர் மர்மம்

பல ரவுட்டர்கள் இரண்டு பெயரில் வைபை கொடுக்கும். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை, இன்னொன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை.

5 என்பது வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கொஞ்சம் மெதுவானது. ஆனால் சுவரைத் தாண்டி தூரம் போகும். ரவுட்டரும் டி.வி.யும் ஒரே அறையில் இருந்தால் 5. நடுவே கல் சுவர் இருந்தால் 2.4. விலை குறைந்த சில பெட்டிகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். '5' என்ற பெயர் பட்டியலிலேயே வராது. அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

மெதுவானது போதுமா என்றால், தாராளமாகப் போதும். தெளிவான எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகமும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் இருந்தால் சரி என்கிறது நெட்பிளிக்ஸ் கம்பெனி.

வீட்டிலேயே செய்யலாம்

ரவுட்டரை பீரோவுக்குள்ளும் டி.வி.க்குப் பின்னாலும் ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், திறந்தாற்போல் வையுங்கள்.

பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றி அடிப்பவர்கள் ஏராளம். பழைய பாஸ்வேர்டு பெட்டியில் தங்கியிருந்தால் அந்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

ஸ்டிக் வகைப் பெட்டியோடு ஒரு குட்டி நீட்டிப்பு ஒயர் கொடுப்பார்கள். 'எதற்கு இது' என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டி.வி.யின் முதுகை விட்டு ஸ்டிக் கொஞ்சம் விலகி இருந்தால் அலை நன்றாகப் பிடிக்கும். அதற்காகவும்தான் அந்த ஒயர்.

கரண்டை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையில் எடுக்காமல், கூடவே கொடுத்த அடாப்டரில் எடுங்கள். கரண்ட் பற்றாமல் பெட்டி அடிக்கடி அணைந்து எரிவதற்கு இதுவும் காரணம்.

கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் முழுதாக விழிக்கச் சில நிமிஷம் ஆகும். பெட்டி முந்திக்கொண்டு எழுந்து, "நெட்வொர்க் இல்லை" என்று கையை விரிக்கும். பொறுத்திருந்து பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும்.

பெட்டியில் தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் படம் வராது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எதற்கும் மசியாத கல் சுவருக்கு ஒரே மருந்து, ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்து டி.வி. இருக்கும் அறையில் இன்னொரு ரவுட்டர் வைப்பதுதான்.

பைபர் எட்டாத எஸ்டேட்டுகளில் செல்போன் 'ஹாட்ஸ்பாட்' வைத்தும் பெட்டியை ஓட்டலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை குடிக்கும். தினம் ஒன்றரை ஜி.பி. திட்டம் வைத்திருப்பவருக்கு இடைவேளைக்கு முன்பே டேட்டா காலி. படத் தரத்தைக் குறைத்து வைத்தால் முழுப் படமும் பார்க்கலாம்.

"ஒன்பது நம்பரைச் சொல்லுங்க சார்!"

இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள்தான் தேடு பகுதியில் நம்பர் தேடுகிறார்கள். பிரபல கம்பெனியின் பெயரில் போலி நம்பரை உலவ விட்டிருக்கும் ஆசாமிகள் மறுமுனையில் தயார். பேச்சு இந்தத் தினுசில்தான் போகும்:

"சார், உங்க பெட்டி இன்னும் ஆக்டிவேட் ஆகலை. லைசென்ஸ் பீஸ் கட்டணும்."

"எவ்வளவுங்க?"

"ஒரு தடவை கட்டினா ஆயுசுக்கும் போதும் சார். ஒரு ஆப் அனுப்புறேன், போன்ல ஏத்துங்க. அதுல வர்ற ஒன்பது நம்பரை மட்டும் சொல்லுங்க."

அந்த நம்பரைச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் 'சரி'யைத் தட்டினால் உங்கள் செல்போன் திரை அவன் கண் முன்னால். நீங்கள் அடிக்கும் ரகசிய எண், வரும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குத் தெரியும். 'எனிடெஸ்க்' என்ற ஆப்பை வைத்து இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் பாங்கு 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஆப் மேல் குற்றமில்லை. தூரத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த கருவி அது. கள்ளன் கையில் சாவியாகிவிட்டது.

ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுவில் அது ஒழிந்தது. அந்தப் பழக்கம் உள்ள பெரியவர்கள் 'லைசென்ஸ்' என்றதும் நம்பிவிடக் கூடும். வீட்டில் உள்ள பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரே விதி: பெட்டியை இணைக்கவும் பதிவு செய்யவும் கட்டணம் கிடையாது. அமேசானும் அமெரிக்காவின் ரோகு கம்பெனியும் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. நெட்பிளிக்ஸ் போன்றவற்றுக்குக் கட்டும் மாதச் சந்தா வேறு. பெட்டியை 'உயிர்ப்பிக்க' என்று கேட்கும் பணம் வேறு.

இன்னொரு கண்ணி: பதிவு செய்ய டி.வி. திரையில் ஒரு விலாசம் வரும். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே விலாசக் கட்டத்தில் அடியுங்கள். தேடு பகுதியில் போட்டுத் தேடினால் அச்சு அசலாகப் போலிப் பக்கம் முன்னால் வந்து நிற்கக் கூடும்.

பெட்டியே திருடனானால்?

"ஒரே விலை, ஆயுசுக்கும் எல்லா சேனலும் இலவசம்" என்று விற்கும் பெயர் தெரியாத பெட்டிகள் அதைவிட ஆபத்து. அவற்றில் சிலவற்றுக்குள் தொழிற்சாலையை விட்டு வரும்போதே விஷ புரோகிராம் குடியேறிவிடுகிறது.

2024 செப்டம்பரில் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளில் 'வாய்ட்' என்ற கிருமி இருப்பதை ரஷ்யாவின் டாக்டர் வெப் கம்பெனி கண்டுபிடித்தது. 2025 பிப்ரவரி கடைசியில் அதன் புது அவதாரம் இந்தியாவில் சில நாளுக்குள் 2 லட்சத்தைத் தாண்டியது என்று சீன ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள்.

'பேட்பாக்ஸ்' என்பது இன்னொரு கிருமி. 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசு 30 ஆயிரம் கருவிகளில் அதன் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்க எப்.பி.ஐ. எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே கூகுள் கம்பெனி நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியுள்ளன என்பது அதன் வாதம்.

இந்தப் பெட்டிகள் படமும் காட்டும். பின்னால் வீட்டு இணைப்பை அந்நியனுக்கு வாடகைக்கும் விடும். எங்கோ உட்கார்ந்து ஒருவன் செய்யும் மோசடி, குன்னூரில் உங்கள் வீட்டு விலாசத்திலிருந்து போனதாகப் பதிவாகும். சைபர் குற்றத்தில் போலீசார் முதலில் பார்ப்பது எந்த இணைப்பிலிருந்து போனது என்பதைத்தான். படம் பார்த்த பாவத்துக்கு ஸ்டேஷன் படியேற வேண்டி வரலாம்!

ஆண்ட்ராய்டு பெட்டி என்றால் 'பிளே புரொடெக்ட்' சான்று உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் பெட்டியை கையால் தொடாதீர்கள்.

காட்டேஜ்காரர்கள் கவனத்துக்கு

சீசனில் வரும் விருந்தினர் காட்டேஜ் டி.வி.யில் தங்கள் கணக்கைத் திறந்துவிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அறையைக் காலி செய்யும்போது பெட்டியில் 'சைன் அவுட்' செய்யச் சொல்லுங்கள். விருந்தினருக்குத் தனி வைபை பெயர் கொடுக்கும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. சொந்த வைபையின் பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டாம்.

பணம் போய்விட்டதா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடிப் புகார் எண். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால் பாங்கில் நிறுத்தி வைக்க வழி உண்டு. ஒவ்வொரு நிமிஷமும் காசு. ஏற்றிய ஆப்பை உடனே நீக்குங்கள். செல்போனில் இன்டர்நெட்டை அணையுங்கள். பாங்குக்குத் தகவல் சொல்லுங்கள். மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுங்கள்.

உதவி எண் வேண்டுமென்றால் பெட்டி வந்த அட்டையிலும் பில்லிலும் பாருங்கள். அது இல்லையென்றால் வாங்கின கடைக்கே போய்க் கேளுங்கள். தேடு பகுதியில் முதலில் வருகிற நம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம்.