மூவாயிரத்து அறுபதா, நாலாயிரத்து அறுபதா?

உம்மாவின் சீட்டு விழுந்த அன்று எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கியது. ராத்தா வீட்டிலிருந்தபடியே, கட்டப்போகும் வீடுகளின் உட்புறங்களை 'பிளெண்டர்' மென்பொருளில் முப்பரிமாணப் படங்களாகச் செய்து கொடுப்பவர். அவருடைய கணினியில் தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ஒரு படம் உருவாக இரவு முழுவதும் பிடிக்கும். நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயிருந்தன. ஆகவே சீட்டுக் காசில் ஒரு கார்ட் வாங்குவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதுதான் வழக்கு.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக விசாரித்ததில் எங்கள் காசுக்கு இரண்டுதான் எஞ்சின. ஒன்று, புத்தம் புதிய ஆர்.டி.எக்ஸ். 4060. மற்றது, பாவித்த ஆர்.டி.எக்ஸ். 3060. இரண்டும் என்விடியாவின் தயாரிப்புகளே.

"நாலாயிரம் மூவாயிரத்த விடப் பெருசுதானே மகள், புதுசாவும் ஈக்கி. பின்ன என்னத்துக்கு யோசன?" என்றார் உம்மா.

உம்மாவைப்போல நினைப்பவர்கள் ஏராளம். இந்த இலக்கங்களை முழு எண்ணாக வாசிக்கக்கூடாது. முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறை. கடைசி இரண்டு, அந்தத் தலைமுறைக்குள் அதன் தரம். 3060 வெளிவந்தது 2021 பெப்ரவரியில், 4060 வெளிவந்தது 2023 ஜூனில். இரண்டும் தத்தம் தலைமுறையில் ஒரே வகுப்புப் பிள்ளைகள். அறிமுக விலைகூட முறையே 329, 299 டொலர்கள்தான். புதியதே மலிவு!

கணக்குப் போடும் வேகத்தில் 4060 முந்துகிறது என்பதில் ஐயமில்லை. 3060இல் 3584 சிறு கணிப்புக் கருக்கள், 4060இல் 3072தான். ஆனால் பழையது 1777 மெகாஹேர்ட்ஸ் வரை ஓட, புதியது 2460 வரை ஓடுகிறது. குறைந்த ஆட்கள், அதிகச் சுறுசுறுப்பு. மின்சாரமும் குறைவு: 170 வாட்டுக்குப் பதிலாக 115 வாட்.

தம்பி கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். அதில் 4060இன் கோடு 3060இன் கோட்டைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு உயரம். அவனுக்கு விளையாட்டுத்தான் உலகம். ஆனால் அந்த உயரத்தில் பாதிக்கு மேல், இரு படச்சட்டங்களுக்கு நடுவே கார்ட் தானாகவே கற்பனை செய்து செருகும் இடைச்சட்டங்களால் வந்தது. விளையாட்டில் அசைவு வழுவழுப்பாகத் தெரிய அது உதவும். ராத்தாவின் வேலைக்கு உதவாது. அதை நீக்கினால் நிறுவனமே சொல்லும் முன்னேற்றம் சுமார் 20 சதவீதம். விளம்பர வரைபடத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசிக்கப் பழகினால் பாதிச் சண்டை தீரும்.

உண்மையான சிக்கல் நினைவகத்தில் இருந்தது. பழையதில் 12 ஜி.பி., புதியதில் 8. பழையதன் தரவுப் பாட்டை 192 பிட் அகலம், புதியதில் 128. அதனால் ஒரு வினாடிக்குள் பழையது 360 ஜி.பி. தரவைக் கொண்டுவரும், புதியது 272தான். இதை ஈடுகட்டத்தான் 4060இன் சில்லுக்குள்ளேயே 24 எம்.பி. பதுக்கு நினைவகம் வைத்திருக்கிறார்கள். 3060இல் அது 3 எம்.பி.தான். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் தூள் போத்தல்கள் நிறைய இருந்தால் அடிக்கடி சாமான் அறைக்குப் போகத் தேவையில்லை அல்லவா? அதுபோலத்தான். ஆனால் சாமான் அறையே சிறியது என்றால் தட்டு என்ன செய்யும்?

ராத்தாவின் கோப்பு ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட சதுரப் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 எம்.பி. பிடிக்கும். தரை ஓட்டின் நிறத்துக்கு ஒரு படம், பளபளப்புக்கு ஒன்று, மேடு பள்ளங்களுக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு பொருளுக்கே 256 எம்.பி. தரை, சுவர், திரைச்சீலை, சோபாத் துணி, மேசை மரம் என்று 32 பொருட்கள் சேர்ந்தால் 8 ஜி.பி. நிறைந்துவிடும். கணினித் திரைக்கான இடத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் கணினி திருத்தும் மாமா ஒருவர் இருக்கிறார். உம்மாவின் தூரத்து உறவு. இரண்டு கார்ட்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை எங்களுக்கு இடம் தந்தார். சிறிய படுக்கையறைப் படம் 3060இல் நான்கு நிமிடம் எடுத்தது. 4060இல் மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. தம்பி துள்ளினான். பிறகு ராத்தா தன் பெரிய வரவேற்பறைக் கோப்பைத் திறந்தார். 3060 ஆறுதலாக முடித்தது. 4060 நினைவகம் போதாது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது.

இன்னொன்றும் உண்டு, கடைக்காரர் எவரும் அதைச் சொல்லவில்லை. 4060 தாய்ப்பலகையுடன் எட்டுப் பாதைகளில்தான் பேசும், 3060 பதினாறில். புதிய தாய்ப்பலகையில் இது பெரிதாகத் தெரியாது. எங்களுடையது 2018இல் வாங்கியது, மூன்றாம் தலைமுறை இணைப்பு. அதில் 4060க்குக் கிடைப்பது வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. மட்டுமே. நிரம்பி வழியும் தரவு இந்த ஒடுங்கிய வழியால்தான் போய் வரவேண்டும்.

பாவித்த கார்ட் என்றதும் எனக்குப் பயம்தான். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றும்வரை, இத்தகைய கார்ட்களை இரவு பகலாக நாணயச் சுரங்கத்தில் ஓட்டினார்கள். பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மாமா அரை மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்தார். ஆணிகளில் துரு உண்டா என்றும் பார்த்தார். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அது சின்ன விஷயமல்ல. வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அதே 3060 என்ற பெயரில் 8 ஜி.பி. வகையும் 2022இல் வந்தது. அதன் பாட்டை 128 பிட்தான், வேகமும் குறைவு. பெட்டியில் 12 என்ற இலக்கம் இருக்கவேண்டும்.

பாவித்த 3060ஐயே வாங்கினோம். புதிய தாய்ப்பலகை உள்ளவர்களும் விளையாட்டுக்கோ சிறிய வேலைகளுக்கோ தேடுபவர்களும் 4060ஐ எடுப்பதே சரி, உத்தரவாதமும் கிடைக்கும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. மின்சாரத்திலும் இழப்புத்தான். 55 வாட் வித்தியாசம், நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்றால் மாதம் சுமார் 10 அலகு கூடும். அலகு ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும் நாட்டில் உம்மா அதைக் கவனிக்காமல் விடவில்லை. முதல் மாதப் பட்டியலை ராத்தாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ராத்தா அந்த வரவேற்பறைப் படத்துக்குக் கிடைத்த காசில் அதைக் கட்டினார்.