விண்ணில் இயேசுவைக் காணலாமா?
(ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா வானொலி மறையுரை)

விண்ணேற்றப் பெருவிழா நெருங்கும்போது மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளையாவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை: “இயேசு மேலே போனார் என்றால், ராக்கெட்டில் போனால் அவரைப் பார்க்கலாமா?” நாமும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் பிள்ளை நியாயமாகத்தான் கேட்கிறது. வளர்ந்தவர்களும் இதே கேள்வியைச் சண்டையாகவே போட்டிருக்கிறார்கள்.

1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் வீரர் யூரி ககாரின், வஸ்தோக் கலத்தில் பூமியை ஒருமுறை சுற்றி, 108 நிமிடங்களில் திரும்பி வந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவர். “மேலே போய்ப் பார்த்தேன், கடவுள் அங்கே இல்லை” என்று அவர் சொன்னதாக இன்றும் பலர் கூறுகிறார்கள். மறையுரைகளில் நாமும் அதைக் கூறி அவரைக் கடிந்திருக்கிறோம். ஆனால் பயணத்தின்போது அவர் பேசியவற்றின் எழுத்துப் பதிவில் அப்படி எதுவும் இல்லை. ஆட்சித்தலைவர் குருஷ்சேவ் சொன்னதுதான் ககாரின் பெயரில் பரவியது என்று அவருடைய நண்பர் ஒருவர் பின்னாளில் விளக்கினார். ஆகவே அந்த மனிதர்மீது நாம் சுமத்திய பழியை இறக்கிவைப்பது நல்லது. அவருக்குப்பின் சென்ற கெர்மன் தித்தோவ்தான், 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், விண்ணில் கடவுளையோ வானதூதர்களையோ காணவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். பூமியை வலம்வந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென், தாம் வேண்டுதல் செய்யும் கடவுள் விண்வெளியில் எதிரே வந்து நிற்கும் அளவுக்குச் சிறியவர் அல்லர் என்ற பொருளில் பேசினார். அழகான பதில். கத்தோலிக்கர் அல்லாத ஒரு கிறிஸ்தவரின் பதில் அது.

விண்ணேற்றம் பற்றிய வாசகத்தைச் சற்று உற்றுக் கவனிப்போம். லூக்கா அங்கே ஒரு மேகத்தைப் பற்றிப் பேசுகிறார். விவிலியத்தில் மேகம் வெறும் வானிலைச் செய்தி அல்ல. சீனாய் மலையை மூடியதும், உருமாற்ற மலையில் சீடர்கள்மேல் நிழலிட்டதும் மேகந்தான். கடவுளின் உடனிருப்புக்கு அது அடையாளம். தந்தையின் வலப்பக்கம் என்று நாம் நம்பிக்கை அறிக்கையில் சொல்வதும் அளந்து சொல்லக்கூடிய ஓர் இடம் அன்று. இயேசு பெற்றுள்ள மாட்சியையும் ஆட்சியையும் அது குறிக்கிறது. அண்ணாந்து நின்ற சீடர்களை வெண்ணுடை அணிந்த இருவர் எருசலேமுக்குத்தானே திருப்பி அனுப்பினார்கள்!

இப்படியிருக்க, விண்வெளி வீரர்களை நம்பிக்கைக்குச் சாட்சிகளாக மட்டும் காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவை வலம்வந்த முதல் மனிதர்களான ஃபிராங்க் போர்மன், ஜேம்ஸ் லவல், வில்லியம் ஆண்டர்ஸ் ஆகிய மூவரும் தொடக்கநூலின் முதல் பத்து வசனங்களை மாறிமாறி வாசித்தார்கள். கோடிக்கணக்கான மக்கள் கேட்டார்கள். இதை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அன்று வாசிப்பைத் தொடங்கியவர் ஆண்டர்ஸ். மூவரில் கத்தோலிக்கர் அவர்தான். நிலவின் விளிம்புக்குமேல் பூமி எழும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவரும் அவரே. பூமி அத்தனை சிறியதாய்த் தெரிந்த அந்தப் பயணமே தம் சமய நம்பிக்கையைத் தளரச் செய்தது என்று பிற்காலத்தில் அவர் மனம் திறந்து கூறினார். 1971இல் அப்போலோ 15இல் நிலவில் நடந்த ஜேம்ஸ் இர்வினோ, அங்கே கடவுளின் அண்மையை உணர்ந்ததாகச் சொல்லி, திரும்பி வந்தபின் நற்செய்திப் பணிக்கே தம்மைக் கொடுத்தார்.

இருவரும் கண்டது ஒரே கருவானம், ஒரே நீலப்பூமி. வானத்தைப் பார்த்ததாலேயே ஒருவருக்கு நம்பிக்கை வந்துவிடும் என்றால் ஆண்டர்ஸுக்கும் வந்திருக்க வேண்டும். போய்விடும் என்றால் இர்வினுக்கும் போயிருக்க வேண்டும். அறிவியல் படிக்கப்போன மகனோ மகளோ கோவிலுக்கு வருவதில்லை என்று வருந்தும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உண்டு. அவர்கள் தொலைநோக்கியின்மீது பழிபோட வேண்டாம்.

கத்தோலிக்கரான வீரர்கள் விண்ணில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1994 ஏப்ரலில் எண்டெவர் விண்கலத்தில் சிட்னி குட்டியரஸ், கெவின் சில்டன், தாமஸ் ஜோன்ஸ் ஆகிய மூன்று கத்தோலிக்கர்கள் பறந்தார்கள். ரேடார் கருவிகளால் பூமியின் பரப்பை ஆராய்வது அவர்கள் வேலை. சில்டன் தம் பங்கில் நற்கருணை வழங்கும் பணியாளர். அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைச் சிறு பேழையில் எடுத்துச் சென்றிருந்தார். ஞாயிறன்று மூவரும் எடையற்று மிதந்தபடியே நற்கருணை உட்கொண்டு, சற்றுநேரம் மௌனமாக வேண்டினார்கள். அப்போது பசிபிக் கடலுக்குமேல் கதிரவன் எழுந்து கலத்தை ஒளியால் நிரப்பியதை ஜோன்ஸ் பின்னர் எழுதினார். அதன்பின் அவரவர் கருவிகளிடம் திரும்பினார்கள்.

2013இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற மைக்கேல் ஹாப்கின்ஸ், அதற்கு முந்தைய ஆண்டுதான் கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தவர். ஆறு அப்பங்களை ஒவ்வொன்றும் நான்கு துண்டுகளாக எடுத்துச் சென்றார். வாரத்துக்கு ஒன்றாக 24 வாரங்களுக்கு. நிலையத்தின் குளிரூட்டும் பம்பு பழுதடைந்ததால் அதை மாற்ற டிசம்பரில் இருமுறை அவர் வெளியே செல்லவேண்டி வந்தது. கவச உடைக்கு அப்பால் காற்றே இல்லாத வெறுமை. இரண்டு நாளும் காலையில் நற்கருணை உட்கொண்ட பிறகே வெளியேறினார். கதவைத் தாண்டும்போது இயேசு தம்மோடு இருக்கிறார் என்பது பெரும் துணையாக இருந்தது என்றார். அந்த இரண்டாம் நாள் டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பின் முந்தைய நாள். அப்போலோ 8 வீரர்கள் நிலவருகே வாசித்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.